நாவடி வீக்கம்: பெயரிடலிலிருந்து காரணமறிதல் வரை – ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நாவின் அடியில் திடீரெனத் தோன்றும் வீக்கம் தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான அடையாளம். உமிழ்நீர் நாளத்தில் சிக்கிய கல், சுரப்பியிலிருந்து கசிந்து தேங்கிய உமிழ்நீர், கடைவாய்ப்பல்லிலிருந்து பரவிய சீழ்த்தொற்று, குருதிக்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசிந்த நீர், உறையாத குருதி ஆகிய ஒவ்வொன்றும் அதற்குக் காரணமாகலாம். பழைய மருத்துவ நூல்கள் இவ்வீக்கத்தை வடிவத்தைக் கொண்டு பெயரிட்டன. 17ஆம் நூற்றாண்டின் உடற்கூற்றியல் அதன் இடத்தை வரையறுத்தது. 19, 20ஆம் நூற்றாண்டுகளின் மருத்துவம் அதன் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. இப்பிரிப்பின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு காரணத்தை மற்றொன்றாகக் கொள்வது நோயாளியின் உயிருக்கே இடராக முடிந்தமையால்தான் அப்பிரிப்பு இன்றியமையாததாயிற்று என்பதை நிறுவ முயல்கிறது.

முதன்மைச் சொற்கள்: நாவடி வீக்கம், உமிழ்நீர்ச் சுரப்பி, லுட்விக், சுசுருதர், மூச்சுப்பாதை அடைப்பு, மருத்துவ வரலாறு

1. முன்னுரை

மனித உடலில் வீக்கம் தோன்றாத இடமில்லை. கையிலோ காலிலோ தோன்றும் வீக்கம் பெரும்பாலும் வலியையும் இயக்கக் குறைவையும் தருவதோடு அமையும். நாவின் அடியில் தோன்றும் வீக்கத்தின் நிலை வேறு. அங்கே கீழ்த்தாடை எலும்பு முன்புறமும் பக்கங்களிலும் அரண்போல் நிற்கிறது. அடியில் தசைத்தளம் தாங்கி நிற்கிறது. எனவே வீக்கம் விரிவதற்கு மேற்புறமும் பின்புறமுமே எஞ்சியுள்ளன. மேல்நோக்கி விரிந்தால் அது நாவை உயர்த்தி மேலண்ணத்தோடு அழுத்துகிறது. பின்நோக்கி விரிந்தால் நாவின் வேர் தொண்டையின் பின்சுவரை நெருங்கி மூச்சுப்பாதையை அடைக்கிறது. வீங்கும் பொருளின் அளவு சிறிதாயினும் விளைவு பெரிதாவதற்கு இவ்வமைப்பே காரணம்.

ஆயினும் நாவடி வீக்கம் எல்லாம் உயிரைப் பறிப்பதில்லை. மாதக்கணக்கில் வலியின்றி இருப்பதும் உண்டு. உணவு வேளையில் எழுந்து ஒரு மணி நேரத்தில் அடங்குவதும் உண்டு. ஓரிரவில் மூச்சை நிறுத்துவதும் உண்டு. வாயைத் திறந்து நோக்குபவருக்கு இம்மூன்றும் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஒரே தோற்றத்தின் பின்னுள்ள வெவ்வேறு காரணங்களை மருத்துவர்கள் எவ்வாறு பிரித்தறிந்தனர் என்பதே இக்கட்டுரையின் வினா.

2. வடிவத்தால் பெயரிட்ட காலம்

சுசுருத சங்கிதையின் நிதான தானம் வாய்நோய்களை அறுபத்தைந்தாக வகுக்கிறது. அவற்றுள் நாவுக்குரியவை ஐந்து. முதல் மூன்று, மூவகைத் தோடங்களால் நாவின் மேற்பரப்பில் தோன்றும் முள் போன்ற மாற்றங்கள். எஞ்சிய இரண்டும் வீக்கங்கள்: ஒன்று ‘அலசம்’, மற்றொன்று ‘உபஜிஹ்விகா’.

உபஜிஹ்விகா என்பதைத் ‘துணைநாக்கு’ எனத் தமிழாக்கலாம். நாவின் நுனியைப் போன்ற வடிவில் தோன்றி நாவை மேலே உயர்த்தும் வீக்கமாக அது வருணிக்கப்படுகிறது. உமிழ்நீர்ப் பெருக்கு, நமைச்சல், எரிச்சல் ஆகியவை அதன் குறிகள். அதனைச் சுரண்டிக் காரப்பொருள் தேய்க்கும் மருத்துவமும் கூறப்படுகிறது. அலசமோ நாவின் அடியில் தோன்றும் கடும் வீக்கம். அது வளர்ந்தால் நாவை அசையாது விறைக்கச் செய்து, வேர்ப்பகுதியில் கடுமையாகப் பழுக்கும். இதனைச் சுசுருதர் தீராத நோய்களின் வரிசையில் வைத்தார்.

இரண்டு வீக்கங்களுக்கும் கபமும் குருதியுமே காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆயினும் ஒன்று மருத்துவத்துக்கு வசப்படுவது என்றும் மற்றொன்று வசப்படாதது என்றும் பிரிக்கப்பட்டுள்ளன. காரணக் கோட்பாடு இரண்டையும் ஒன்றாக்கியபோதும், நோயின் போக்கை நேரில் கண்ட அறிவு அவற்றைப் பிரித்துள்ளது. அலசத்தைப் பிற்காலத்து லுட்விக் நோயோடு முற்றிலும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது. நாவடியில் தோன்றி நாவை முடக்கும் பிறிதொரு நோயும் அப்பெயருள் அடங்கியிருக்கக்கூடும். நாவடி வீக்கங்களுள் கொல்லும் வகை ஒன்று உண்டு என்பதைப் பண்டை மருத்துவர் அறிந்திருந்தனர் என்ற அளவில் கொள்வதே முறை.

கிரேக்க மருத்துவ மரபு நாவடி வீக்கத்தைத் தவளை எனப் பொருள்படும் ‘பத்ராகோஸ்’ என்னும் சொல்லால் குறித்தது. அதன் இலத்தீன் வழக்கு ‘ரனுலா’. சிறுதவளை என்பது பொருள். நீலம் பாய்ந்த மெல்லிய தோலின் கீழ் நீர் ததும்பி நிற்கும் இவ்வீக்கம் தவளையின் உப்பிய கழுத்தடியை நினைவூட்டியமையால் இப்பெயர் அமைந்தது என்பது பொதுவான விளக்கம். இன்றைய மருத்துவமும் இப்பெயரையே வழங்குகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டின் உரோமானிய ஆசிரியர் செல்சஸ், தம் மருத்துவ நூலின் ஏழாம் பகுதியில் நாவடியில் உறையொன்றுக்குள் நீர்மம் சேர்வதையும் அதற்குரிய அறுவையையும் விவரித்தார். வீக்கம் சிறிதாயின் ஒரே கீறல் போதும். பெரிதாயின் மேல்தோலைக் கீறி, விளிம்புகளைக் கொக்கிகளால் பற்றி, உறையைச் சுற்றுப்புறத்திலிருந்து விடுவிக்க வேண்டும். பெரிய குருதிக்குழாய் எதுவும் அறுபடாதவாறு காக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் உடன் வருகிறது. நாவடியின் குருதிக்குழாய்களைப் பற்றிய அவ்வச்சம் இன்றும் அறுவையாளர்க்கு உண்டு.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ரோஸ் பரே இவ்வீக்கத்துக்கு மூளையிலிருந்து நாவில் இறங்கும் குளிர்ந்த, பிசுபிசுப்பான சளியைக் காரணமாகக் கூறினார். வெறும் கீறலுக்குப் பின் வீக்கம் மீண்டும் தோன்றுவதைக் கண்டமையால், துளையுள்ள தகட்டின் வழியே காய்ச்சிய இரும்பைச் செலுத்திச் சுடும் முறையைக் கையாண்டார். காரணம் பற்றிய அவரது விளக்கம் நிலைக்கவில்லை. கீறிய இடம் மூடியதும் வீக்கம் திரும்பும் என்னும் அவரது கண்டறிவு நிலைத்தது. அவ்வாறு திரும்புவது ஏன் என்பதற்கு விடை கிடைக்க மேலும் நானூறு ஆண்டுகள் ஆயின.

3. நாளங்களைக் கண்டறிந்த நூற்றாண்டு

பரே காலத்து மருத்துவம் உமிழ்நீரின் ஊற்றை அறிந்திருக்கவில்லை. மூளையின் கழிவு மூக்கு, வாய் வழியே வடிகிறது என்னும் கருத்தே மேலோங்கியிருந்தது. இக்கருத்தை வீழ்த்தியவர்களுள் விட்டன்பர்க் நகரின் கொன்ராட் விக்டர் ஷ்னைடர் குறிப்பிடத்தக்கவர். மூளையிலிருந்து மூக்கிற்குச் சளி இறங்கும் வழியே இல்லை என்பதை 1660 முதல் வெளியான தம் நூலில் அவர் காட்டினார்.

அதே காலத்தில் சுரப்பிகளும் அவற்றின் நாளங்களும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இலண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் 1656-இல் வெளியிட்ட சுரப்பியியல் நூலில், தாடையடிச் சுரப்பியிலிருந்து நாவடி வரை வரும் நாளத்தை விவரித்தார். 1660-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்து ஆய்ந்த நீல்ஸ் ஸ்டென்சன், கன்னச் சுரப்பியின் நாளத்தைக் கண்டார். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ரிவினஸ், இளைய காஸ்பர் பார்தோலின் ஆகியோர் நாவடிச் சுரப்பியின் நாளங்களை விவரித்தனர். இவற்றுள் வார்ட்டன், ஸ்டென்சன் பெயர்கள் நாளங்களின் பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

இக்கண்டுபிடிப்புகளால் நாவடி என்பது நீரும் சளியும் தேங்கும் வெற்றிடம் என்ற நிலை மாறி, உறுப்புகள் வரையறுக்கப்பட்ட இடமாயிற்று. தாடையடிச் சுரப்பியின் நாளம் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீளமுடையது. அது கீழிருந்து மேல்நோக்கி ஏறி, நாவின் அடிநரம்பு எனப் பேச்சுவழக்கில் கூறப்படும் மடிப்பின் இருமருங்கிலும் உள்ள சிறு மேடுகளில் திறக்கிறது. அதில் வரும் உமிழ்நீர் கன்னச் சுரப்பியின் உமிழ்நீரைவிடப் பிசுபிசுப்பானது, சுண்ணச்சத்தும் மிகுந்தது. நீண்ட வழி, மேல்நோக்கிய ஓட்டம், தடித்த நீர்மம், குறுகிய வாயில் ஆகிய நான்கும் சேர்ந்து அந்நாளத்தில் கல் உருவாவதற்கு ஏற்ற சூழலைத் தருகின்றன. உமிழ்நீர்க் கற்களுள் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை தாடையடிச் சுரப்பியையும் அதன் நாளத்தையும் சார்ந்தே காணப்படுவதற்கு இதுவே விளக்கம்.

கல்லால் எழும் வீக்கத்துக்குத் தனி இலக்கணம் உண்டு. உணவைக் கண்டதும், சிறப்பாகப் புளிப்பை நினைத்ததும், உமிழ்நீர் சுரக்கிறது. கல் வழியை மறிக்கிறது. சுரப்பி விம்மி வலிக்கிறது. உணவு முடிந்து சுரப்பு தணிந்ததும் வீக்கம் மெல்ல வடிகிறது. நாளத்தின் போக்கையும் வேலையையும் அறிந்த பின்னரே இவ்வுணவு வேளை வீக்கம் காரணத்தோடு பொருத்தப்பட்டது. 1895-இல் எக்ஸ்-கதிர்கள் கண்டறியப்பட்ட பின் பெரும்பாலான கற்களை வாயைக் கீறாமலே காண முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதிர்வலைகளால் கல்லை உடைக்கும் முறையும், மெல்லிய உள்நோக்கியை நாளத்துக்குள் செலுத்திக் கல்லை எடுக்கும் முறையும் வந்தன.

புதிய அறிவு புதிய பிழையொன்றையும் உடன் கொணர்ந்தது. வார்ட்டன் நாளம் அறியப்பட்டதும், ‘சிறுதவளை’ வீக்கமும் அந்நாளம் அடைபட்டு விரிவதால் உண்டாவதே என்னும் விளக்கம் பரவியது. பார்வைக்குப் பொருத்தமாக இருந்த அவ்விளக்கம் நெடுங்காலம் நின்றது. 1956-இல் எஸ். என். பாஸ்கர் முதலிய ஆய்வாளர்கள் ஆய்வக விலங்குகளில் உமிழ்நீர் நாளத்தைக் கட்டியும் அறுத்தும் சோதித்தனர். நாளத்தைக் கட்டியபோது இத்தகைய நீர்ப்பை தோன்றவில்லை; அறுத்தபோது உமிழ்நீர் திசுக்களுக்குள் கசிந்து பை போன்ற வீக்கம் உண்டாயிற்று. அடைப்பன்று, கசிவே முதற்காரணம் என்பது இதனால் வலுப்பெற்றது. கசிவின் ஊற்று பெரும்பாலும் நாவடிச் சுரப்பியே என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. கீறி நீரை வெளியேற்றினால் வீக்கம் ஏன் திரும்புகிறது என்னும் பழைய வினாவுக்கு இங்கே விடை கிடைத்தது: சுரந்து கசியும் சுரப்பி இருக்கும்வரை பை மீண்டும் நிரம்பும். எனவே பையைச் சுடுவதைவிட அச்சுரப்பியை அகற்றுவதே நிலையான மருத்துவமாயிற்று.

4. ஸ்டுட்கார்ட், 1836

மேற்கூறிய வீக்கங்கள் துன்பம் தருவன. பெரும்பாலும் உயிர் கொல்லுவன அல்ல. கொல்லும் வகையை முதன்முறையாகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் வில்ஹெல்ம் ஃப்ரெடெரிக் ஃபான் லுட்விக் (1790–1865). வூர்ட்டம்பெர்க் நாட்டின் அரச மருத்துவராக ஸ்டுட்கார்ட்டில் பணியாற்றிய அவர், அண்மைக் காலத்தில் அங்கு மீண்டும் மீண்டும் காணப்பட்ட ஒருவகைக் கழுத்து அழற்சியைப் பற்றி, அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் இதழில் 1836-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

லுட்விக்கின் பெருமை அவர் காரணம் கண்டறிந்ததில் இல்லை. நுண்ணுயிரிகள் நோய் விளைவிக்கும் என்பது நிறுவப்படாத காலம் அது. அவர் செய்தது வேற்றுமைகளை எண்ணிக் காட்டியது. தொண்டையில் அழற்சி சிறிதே இருக்கும் அல்லது இராது; எனவே இது தொண்டை நோயன்று. கழுத்தின் வீக்கம் மரக்கட்டை போலக் கடினமாக இருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழாது. நாவின் அடியில், தாடையின் உட்புறத்தை ஒட்டி, சிவந்த அல்லது நீலம் பாய்ந்த கடினமான வளையம் எழும். கழுத்தில் வீக்கத்தின் எல்லை கோடு கிழித்தாற்போலத் தெளிவாக இருக்கும்; அதற்கு அப்பால் திசு இயல்பாக இருக்கும். சுற்றியுள்ள இணைப்புத் திசு கெட்டபோதும் சுரப்பிகள் தப்பியிருக்கும்.

இவ்வைந்து குறிகளும் பெரும்பாலும் ‘இது அன்று’ என்னும் எதிர்மறைகள். தொண்டை நோய் அன்று, சுரப்பி நோய் அன்று, நீர் கோத்த வீக்கம் அன்று என ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதைத் தனி நோயாக அவர் நிறுத்தினார். அடுத்த ஆண்டே கேமரர் என்னும் மருத்துவர் அதற்கு ‘ஆஞ்சைனா லுடோவிசி’ எனப் பெயரிட்டார். ஆஞ்சைனா என்னும் சொல் இன்று தமிழ்நாட்டில் நெஞ்சுவலியையே நினைவூட்டும். அதன் இலத்தீன் வேர்ப்பொருள் நெரித்தல் என்பது. தொண்டையை நெரிக்கும் நோய்களுக்கே முதலில் வழங்கியது. இங்கிலாந்தின் வில்லியம் ஹெபர்டன் 18ஆம் நூற்றாண்டில் அதனை நெஞ்சுக்கு உரியதாக்கினார். லுட்விக் நோயில் அச்சொல் தன் பழம்பொருளிலேயே நிற்கிறது.

5. பல்லின் வேரும் தசைத்தளமும்

லுட்விக் விட்டுச் சென்ற வினாக்கள் இரண்டு. தொற்று எங்கிருந்து வருகிறது? நோயாளி எதனால் இறக்கிறார்?

முதல் வினாவுக்கு விடை பல்லில் இருந்தது. கீழ்த்தாடையின் உட்புறத்தில் குறுக்காக ஓடும் எலும்பு வரம்பில் வாயின் தளமாகிய தசை பற்றியுள்ளது. அத்தசைக்கு மேல் நாவடி இடைவெளி. கீழே தாடையடி இடைவெளி. இரண்டும் தசையின் பின்விளிம்பில் ஒன்றோடொன்று தொடர்புடையன. கிரோடின்ஸ்கி, ஹோலியோக் ஆகியோர் சடலங்களில் நிறமூட்டிய நீர்மங்களைச் செலுத்திக் கழுத்தின் இத்தகைய இடைவெளிகளை ஆராய்ந்து 1938-இல் வெளியிட்டனர். 1943-இல் ச்சியாஸ்னி, கீழ்க் கடைவாய்ப்பற்களின் வேர்களுக்கும் இத்தசைத்தளத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். முன்பற்களின் வேர்நுனிகள் தசைக்கு மேலே நிற்க, இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகள் பெரும்பாலும் தசைக்குக் கீழே இறங்கியுள்ளன. அங்குள்ள எலும்பும் மெலிந்தது. எனவே அப்பற்களின் வேரில் பிடித்த சீழ் தாடையடி இடைவெளியில் நேரே இறங்கி, பின்விளிம்பைச் சுற்றி நாவடிக்கு ஏறி, மறுபுறமும் பரவுகிறது. சில நாள் பல்வலி, பின்னர் கழுத்தடி வீக்கம், பின்னர் நாவின் உயர்வு என நோயாளிகளிடம் கண்ட வரிசைக்கு இவ்வுடற்கூறு விளக்கம் தந்தது.

இரண்டாம் வினாவின் விடை மெல்ல ஏற்கப்பட்டது. சீழின் நச்சு உடலெங்கும் பரவுவதால் நோயாளி இறக்கிறார் என்னும் கருத்து நெடுங்காலம் இருந்தது. சிலர் அவ்வாறே இறக்கவும் செய்தனர். ஆனால் பலருடைய மரணம் திடீரென நிகழ்ந்தது. அவர்களைக் கொன்றது மூச்சடைப்பு. இவ்வேறுபாடு மருத்துவத்தின் வரிசையையே மாற்றியது. நச்சே காரணமாயின் தொற்றை அடக்குவது முதற்பணி. மூச்சடைப்பே காரணமாயின் மூச்சுவழியைக் காப்பது முதற்பணி. 1930களில் சல்ஃபா மருந்துகளும் 1940களில் பெனிசிலினும் வந்தபோதும் இவ்வரிசை மாறவில்லை; மருந்து வேலை செய்ய மணிகள் ஆகும், மூச்சு அதுவரை காத்திராது.

மூச்சுவழியைக் காப்பதும் எளிதாக இல்லை. நோயாளியை மல்லாத்தினால் உயர்ந்த நா பின்னே சரிந்து எஞ்சிய வழியையும் மூடும். வாய் திறவாமையால் குழாய் செலுத்த இடமில்லை. கழுத்தின் முன்புறம் வீங்கிக் கடினப்பட்டமையால் மூச்சுக்குழலைத் திறக்கும் அறுவையும் இடர் நிறைந்தது. 1967-இல் பீட்டர் மர்ஃபி என்னும் மயக்க மருத்துவர், வேறு உறுப்புக்கென அமைந்த வளையும் உள்நோக்கியைக் கொண்டு மூக்கு வழியே மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்திய முறையை வெளியிட்டார். அமர்ந்த நிலையில், விழித்திருக்கும் நோயாளிக்கே குழாய் செலுத்தும் வழி இதனால் பிறந்தது. நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு முன் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற இந்நோயில் இன்று இறப்போர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இக்குறைவுக்கு மருந்தோடு மூச்சுவழிப் பாதுகாப்பும் பல் மருத்துவமும் சம பங்கினர்.

6. தொற்றில்லா வீக்கம்

பல்வலியும் காய்ச்சலும் சீழும் இன்றி, சில மணி நேரத்தில் உதடும் நாவும் நாவடியும் வீங்குவது உண்டு. 1876-இல் இலண்டனின் ஜான் லாஸ் மில்ட்டன் இதனைப் பெருந்தடிப்பின் ஒரு வகையாக விவரித்தார். 1882-இல் கீல் நகரின் ஹைன்ரிக் குவின்க்கே, எல்லை வரையறுக்கப்பட்ட திடீர்த் தோல்வீக்கம் என அதனைத் தனிமைப்படுத்தினார். 1888-இல் வில்லியம் ஆஸ்லர், ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறைகளில் இது தொடர்ந்ததையும், குரல்வளை வீங்கி இறப்பு நேர்ந்ததையும் பதிவுசெய்து, பரம்பரைத் தன்மையை நிறுவினார்.

1963-இல் வர்ஜீனியா டொனால்ட்சன், ரிச்சர்ட் எவன்ஸ் ஆகியோர், குருதியில் இயல்பாக இருக்க வேண்டிய ஒரு தடுப்புப் புரதத்தின் குறைவே பரம்பரை வீக்கத்துக்குக் காரணம் எனக் காட்டினர். அப்புரதம் குறைந்தால் பிராடிகைனின் என்னும் பொருள் மிகுந்து, நுண்குருதிக் குழாய்களின் சுவர்கள் நெகிழ்ந்து, நீர் திசுக்களுக்குள் கசிகிறது. ஒவ்வாமையால் தோன்றும் வீக்கத்தில் முதன்மைப் பொருள் ஹிஸ்டமின், இதிலோ பிராடிகைனின். தோற்றம் ஒன்று, பொருள் வேறு. ஒவ்வாமை வீக்கத்தை விரைந்து தணிக்கும் அட்ரினலினும் ஹிஸ்டமின் எதிர்ப்பிகளும் இவ்வகையில் போதிய பயன் தருவதில்லை.

பிராடிகைனினின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. 1949-இல் பிரேசிலின் சாவோ பாவுலோவில் ரோச்சா எ சில்வா முதலியோர் ஜராராகா என்னும் விரியன் பாம்பின் நஞ்சைக் கொண்டு ஆய்ந்தபோது இப்பொருள் அறியப்பட்டது. அதே நஞ்சில் பிராடிகைனினின் ஆற்றலை மிகுவிக்கும் கூறு ஒன்றிருப்பதை 1965-இல் செர்ஜியோ ஃபெரெய்ரா வெளியிட்டார். அவ்வழியில் தொடர்ந்த ஆய்வு குருதியழுத்தத்தைக் குறைக்கும் கேப்டோபிரில் மருந்துக்கு இட்டுச் சென்றது. 1981-இல் அது அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. அம்மருந்தும் அதன் வழிவந்த எனலாப்ரில், ராமிப்ரில் முதலியனவும் முடக்கும் நொதியே உடலில் பிராடிகைனினைச் சிதைப்பது. எனவே இம்மருந்துகளை உண்போருள் மிகச் சிலர்க்கு, நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோர்க்கு, நாவும் நாவடியும் திடீரென வீங்குகின்றன. மருந்து தொடங்கிய சில நாளிலும் இது நேரலாம். பல ஆண்டுகள் இடரின்றி உண்ட பின்னும் நேரலாம். பின்னதில் நோயாளியும் மருத்துவரும் அம்மருந்தை ஐயுறுவதில்லை. உயிர் காக்க வந்த மருந்தே வீக்கத்தின் காரணமாகும் இந்நிலை, காரணப் பட்டியல் மூடிய பட்டியல் அன்று என்பதை உணர்த்துகிறது.

இதற்கு மற்றொரு சான்று குருதிக் கசிவு. கெட்டுப்போன தீவனப் புல்லை உண்ட கால்நடைகள் குருதி கசிந்து இறந்ததன் காரணத்தைத் தேடிய விஸ்கான்சின் ஆய்விலிருந்து தோன்றிய வார்ஃபரின், முதலில் எலி நஞ்சாகவும் 1954 முதல் மனிதர்க்குக் குருதி உறைவைத் தடுக்கும் மருந்தாகவும் வழங்கியது. அதன் அளவு மிகும்போது நாவடியில் குருதி தேங்கி லுட்விக் நோயைப் போன்றே நாவை உயர்த்துவதுண்டு. மருத்துவர்கள் இதனைப் ‘போலி லுட்விக்’ என்றே வழங்குகின்றனர். கீழ்த்தாடையில் செயற்கைப் பல்வேர் பொருத்தும்போது உட்புற எலும்பு துளைபட்டு நாவடிக் குருதிக்குழாய் காயமுறினும் அதே நிலை நேரும். செல்சஸ் எச்சரித்த குருதிக்குழாய்கள் இங்கே மீண்டும் முன்வருகின்றன. போலியை மெய்யெனக் கொண்டு கத்தியை எடுப்பது, உறையாக் குருதியை மேலும் பெருக்கும்.

7. வீக்கத்தின் காலக் கணக்கு

மேற்கண்ட வரலாறு ஒரு பொதுநெறியைக் காட்டுகிறது. வீக்கத்தின் தோற்றத்தைவிட அதன் கால அளவும் முன்நிகழ்வுமே காரணத்தை மிகுதியும் உணர்த்துகின்றன. உணவோடு எழுந்து அடங்குவது கல்லை நோக்கிச் சுட்டுகிறது. வலியின்றி நீலம் பாய்ந்து நாள்கணக்கில் நிற்பது கசிந்த உமிழ்நீரை உணர்த்துகிறது. பல்வலியைத் தொடர்ந்து காய்ச்சலோடு ஓரிரு நாளில் இருபுறமும் கடினமாவது லுட்விக் நோயை ஐயுறச் செய்கிறது. காய்ச்சலின்றிச் சில மணிகளில் மென்மையாக வீங்குவது ஒவ்வாமையையோ மருந்தையோ பரம்பரையையோ வினவச் செய்கிறது. குருதி உறைவைத் தடுக்கும் மருந்தோ அண்மையில் நடந்த பல் அறுவையோ இருப்பின் குருதிக் கசிவு நினைவுக்கு வர வேண்டும். மெல்ல வளர்ந்து வாரங்கள் கடந்தும் ஆறாத கடினமான வீக்கம் புற்றுநோய்ச் சோதனையைக் கோருகிறது.

இப்பகுப்பு மருத்துவருக்கு உரியது. எவருக்கும் உரிய அறிவு ஒன்றுண்டு: நாவடி வீக்கத்தோடு குரல் மழுங்குதல், உமிழ்நீரை விழுங்க இயலாது வடிதல், படுக்க இயலாமை, மூச்சிரைப்பு ஆகியவற்றுள் ஒன்று சேரினும் காரணத்தை ஆராய வீட்டில் காத்திருத்தல் கூடாது, நோயாளியை அமர்ந்த நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

8. முடிவுரை

• நாவடி வீக்கத்தைப் பற்றிய அறிவு வடிவம், இடம், காரணம் என்னும் மூன்று நிலைகளில் வளர்ந்துள்ளது. துணைநாக்கு, சிறுதவளை முதலியன முதல் நிலையின் பெயர்கள்.

• காரணக் கோட்பாடு பிழைபட்ட இடங்களிலும் நோயின் போக்கைப் பற்றிய கண்டறிவு பிழைபடவில்லை. தீரும் வீக்கத்தையும் தீராத வீக்கத்தையும் பிரித்த சுசுருதரும், கீறல் மட்டும் பயன்படாமை உணர்ந்த பரேயும் இதற்குச் சான்றுகள்.

• புதிய உடற்கூற்றறிவு உடனே சரியான விளக்கத்தைத் தந்துவிடவில்லை. வார்ட்டன் நாளத்தோடு சிறுதவளையைப் பிணைத்த பிழை, சோதனை முறையால்தான் விலகியது.

• லுட்விக்கின் பங்களிப்பு காரணம் கூறியதன்று. ஒப்புமை காட்டும் நோய்களிலிருந்து ஒன்றைப் பிரித்து நிறுத்தியது. காரணம் ஒரு நூற்றாண்டு பின்னரே தெளிந்தது.

• மருத்துவ முன்னேற்றமே புதிய காரணங்களையும் தோற்றுவிக்கிறது. எனவே நோயாளி உண்ணும் மருந்துகளை வினவுதல், வாயைத் திறந்து நோக்குதலுக்கு இணையான நோயறி முறையாகியுள்ளது.